சந்தையில் அப்பா அடித்ததும் வீட்டில் நான் அடித்ததும்

அருகன் துணை

அனந்தபுரம் வழி,
20-2-1962

சௌபாக்கியவதி சந்திரவதிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த பிலாய் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் க்ஷேமம் என்று வழக்கம்போல எழுதத் தொடங்கினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். உயிரோடு இருக்கிறோம், இப்போதைக்கு அதுவே பெரிய சேதி. உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா சந்தையில் ஒருவர் மண்டையை உடைத்தார், குடித்திருந்தார் என்று சனங்கள் பேசுகிறார்கள், அம்மா அப்பாவைக் கை நீட்டி அடித்தாள் என்றெல்லாம் சித்தப்பா அஜிதநாதன் உனக்கு எழுதியிருப்பதாகவும், இதில் எது நிஜம் என்றும் கேட்டிருந்தாய். மண்டையை உடைத்தது நிஜம். நான் அடித்ததும் நிஜம். குடித்தார் என்பது மட்டும் பொய். வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு இருப்பவளுக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அரைகுறையாகக் கேட்டுப் பயந்துகொண்டிருப்பதைவிட முழுதும் தெரிந்துகொள்வது மேல் என்று தோன்றியது. நிதானமாக உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு நீரிழிவு என்று திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சொன்னது நீ ஊருக்குப் போன அந்த ஆனி மாதம். காலில் குத்திய முள் இரண்டு மாதமாகியும் ஆறாமல் சீழ் வைத்ததே, அதைக் காட்டப் போன இடத்தில்தான் தெரிந்தது. அதற்கு முன்பே அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்திருக்கிறது. எறும்பை மிதித்துவிடாமல் சுற்றிப் போனாரே தவிர ஏன் மொய்க்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை. டாக்டர் தினம் காலையில் இன்சுலின் ஊசி என்று சொல்லிவிட்டார். அங்கே லூர்துமேரி என்று ஒரு நர்ஸ், கட்டையான உடம்பு, உரத்த குரல், அந்த அம்மாள்தான் என்னை மூன்று நாள் கூடவே வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தது. ஊசிக் குழாயைக் கொதிக்க வைப்பது, மருந்தை அளவு பார்த்து ஏற்றுவது, ஒரு நாள் குத்திய இடத்தில் மறுநாள் குத்தாமல் மாற்றிக் குத்துவது, காலையில் பிடித்த சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் காய்ச்சுவது. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை, நல்லது, பச்சை பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொன்னது. ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும், போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், உடம்பு வேர்க்கும், நாக்கு குழறும், சில பேருக்கு வெறி வந்து கண் மண் தெரியாமல் அடிப்பார்கள், பிறகு நினைவு போய்விடும், அப்படியே செத்தும் போவார்கள் என்று சொன்னது. மடியில் எப்போதும் ஒரு வெல்லக்கட்டி இருக்கட்டும் என்றது. நினைவு இல்லாதவருக்கு எதையும் ஊற்றாதே, புரையேறிச் சாவார், வெல்லத்தைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்துத் தேய் என்றும் சொன்னது.

இரண்டு வருஷம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது நமக்குப் பழக்கம், அதனால் ராத்திரிச் சாப்பாட்டுத் தொல்லை இல்லை. அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று, அஷ்டமி, சதுர்த்தசி நோன்பு. பதினாறு வயதிலிருந்து தவறாமல் இருந்தவர் ஊசிக்காக விட்டுவிட்டார். சித்தப்பா நோன்பன்று இங்கே வந்து உட்கார்ந்து, நாங்கல்லாம் பச்சைத் தண்ணி படாம இருக்கோம், அண்ணன் பாடு பரவாயில்ல, டாக்டர் பேர சொல்லிக்கினு மூணு வேளையும் நடக்குது என்று சிரிப்பார். விளையாட்டாகத்தான் சொல்வார்.  அது அப்பாவுக்கு உள்ளே போய் எங்கே தங்கியது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

மார்கழி மாதம் ஒரு சந்தை நாள், அன்றைக்கு அஷ்டமி. காயவைத்த மல்லாட்டைக் கடலை மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் நம் ஏரோட்டி முருகையனும் அனந்தபுரத்துக்குக் கிளம்பினார்கள். ஏழு மணிக்கு ஊசி போட்டேன். கேப்பைக் கூழும் துவையலும் வைத்துவிட்டுப் பால் கறக்கப் போனேன். திரும்பி வந்தபோது பாத்திரம் காலி, கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன், ஆச்சு என்றார். அந்த மனிதர் ஆயுசில் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான். கூழை மாட்டுத் தொட்டியில் கொட்டியிருந்தார். பசு நக்கினது போகத் தொட்டி விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த மிச்சத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்துதான் பார்த்தேன்.

சந்தையில் நடந்ததை முருகையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினோரு மணிக்கே அப்பாவுக்குச் சட்டை நனைகிற மாதிரி வேர்த்திருக்கிறது, மார்கழிக் குளிரில். இன்னா நயினாரே, ஒரு மாதிரியா இருக்கீங்க, ஒக்காருங்க என்று முருகையன் சொன்னதற்கு அவனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். எடை போடுகிற கோதண்டபாணி உனக்குத் தெரியும், கண்டாச்சிபுரத்துக்காரர், நாணயமானவர். வீசைக்கல் போய் இப்போது கிலோக்கல் வந்திருக்கிறதே, அதில் ஏதோ கணக்குப் புரியாமல் அப்பா கேட்டிருக்கிறார், கேட்டது வாய் குழறி யாருக்கும் விளங்கவில்லை. கோதண்டபாணி சிரித்துக்கொண்டே, நயினாரே, காலையிலேயே எங்கனா ஊத்திக்கினு வந்தீங்களா என்று கேட்டாராம். அடுத்த நொடி அப்பா தராசிலிருந்த இரண்டு கிலோ இரும்புக் கல்லை எடுத்து அவர் காதோடு சேர்த்து ஒரே போடு போட்டிருக்கிறார். கோதண்டபாணி மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டார், மல்லாட்டை எல்லாம் ரத்தம். கீழே விழுந்தவரை மறுபடி அடிக்கக் கல்லை ஓங்கியிருக்கிறார். எறும்புக்கு வழி விடுகிறவர், குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அந்தத் துணியிலிருக்கும் பூச்சியைக் கிணற்றிலேயே அலசிவிடுகிறவர், அவர் கை அது.

சந்தைக் கூட்டம் சும்மா இருக்குமா. நயினாரு குடிச்சிட்டு வந்து கொல்றாருடா என்று எவனோ கத்த, நாலு பக்கமும் வந்து விழுந்திருக்கிறார்கள். சாக்குக் கடை அப்பாதுரை விலாவில் உதைத்த உதையில்தான் எலும்பு போனது. முன்பல் இரண்டு அங்கேயே விழுந்துவிட்டது. அவர் அடங்கவில்லை, கடித்திருக்கிறார், பிறாண்டியிருக்கிறார், அதைப் பார்த்து அவர்களுக்கு வெறி இன்னும் ஏறியிருக்கிறது. வண்டிச் சக்கரத்தோடு கையையும் கழுத்தையும் கயிற்றால் கட்டி, ஆளுக்கு ஓர் அடி. வுடுங்கடா, அவருக்குச் சக்கர வியாதி, ஊசி போட்டுக்கினு வந்திருக்காரு என்று முருகையன் குறுக்கே விழுந்தான், அவனுக்கும் செருப்படி. அவன் பெண்சாதி சின்னபொண்ணு காய் வாங்க வந்தவள், அங்கிருந்து ஒன்றரை மைல் வரப்பு மேலேயே ஓடி வந்து, அம்மா ஜல்தி வாங்க, ஐயாவக் கட்டி வெச்சி அடிக்கறாங்க, வேர்த்து ஊத்துது, வாய் கோணிக்கினு போவுது என்றாள். வேர்த்து ஊத்துது என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வெல்லப் பானையில் கை விட்டு அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினேன். ஐம்பது வயதில் அப்படி ஓட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

போய்ப் பார்த்தால் தலை தொங்கிக் கிடக்கிறது, கை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது. அப்போதும் ஒருவன் கட்டையால் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனதும் அப்பாதுரை என் கையைப் பிடித்து இழுத்து, நீங்க போங்கம்மா, போதை தெளியட்டும் என்றான். சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன், பிடியை விடவில்லை. வண்டியில் தார்க்குச்சி செருகியிருந்தது, மாட்டை ஓட்டுகிற முள் வைத்த குச்சி, நாம் முள் இல்லாமல்தான் வைத்திருப்போம், அது பக்கத்து வண்டிக்காரனுடையது. அதை உருவி அப்பாதுரை தொடையில் குத்தினேன். முள் உள்ளே இறங்கியது என் கைக்குத் தெரிந்தது. அவன் அலறிக்கொண்டு விட்டான். அடுத்து வந்தவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். கிட்ட வந்தீங்கன்னா கண்ணுல எறக்கிடுவேன் என்று நான்தான் சொன்னேனாம், எனக்கு நினைவில்லை. எல்லோரும் பின்வாங்கினார்கள். நான் போய் அவர் வாயைத் திறந்து வெல்லத்தைக் கன்னத்துக்குள் வைத்துத் தேய்த்தேன். பல்லைக் கடித்துவிட்டார். என் ஆள்காட்டி விரல் நடுவில் மாட்டிக்கொண்டது, எலும்பு வரை இறங்கியது. எடுத்தால் வெல்லமும் வெளியே வந்துவிடும் என்று எடுக்காமல் மறு பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். என் ரத்தமும் வெல்லமும் அவர் தாடையில் வழிந்தது. எழுத்து இப்படிக் கோணல் மாணலாக இருப்பது அந்த விரலால்தான்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கண்ணைத் திறந்தார். மெல்ல விழுங்கினார். முகம் தெளிந்தது, எப்போதும் இருக்கிற முகம். ஏன் என்னக் கட்டி வெச்சிருக்கு என்று கேட்டார். பிறகு, காருக்கு ஆள் அனுப்பிவிட்டு மூட்டை மேல் படுக்க வைத்திருந்த கோதண்டபாணியைப் பார்த்து, ஐயோ அவர யாரு அடிச்சது, மொதல்ல அவரப் பாருங்க என்று பதறினார்.   முருகையன்தான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, நீங்கதான் நயினாரே, ஒங்களுக்கு நெனப்பில்ல என்றான். அப்பா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  இரண்டு பேரையும் ஒரே காரில்தான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ஒன்பது நாள் அங்கே இருந்தோம். கோதண்டபாணி உயிர் பிழைத்தார், ஆனால் இடது காது கேட்பது அடியோடு போய்விட்டது. கேஸ் கொடுக்கச் சொல்லி ஆட்கள் ஏற்றிவிட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. அப்பா தனக்கு நினைவு இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மேல் தப்பில்லை என்பதற்காக அல்ல. நினைவில்லாத பாவத்துக்கு எப்படி வருத்தப்படுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழித்து வீட்டில் இருக்கும்போது சித்தப்பா வந்தார். விழுப்புரத்தில் ஒரு கம்பவுண்டர் சொன்னதாக, அண்ணே, நீங்க போட்டுக்கற மருந்து எதுலருந்து எடுக்கறாங்க தெரியுமா, கசாப்புக் கடையில வெட்டற மாட்டோட வயித்துலருந்து என்று சொன்னார். அண்ணனுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார், அவரையும் குறை சொல்ல மாட்டேன். எனக்கு அது முன்பே தெரியும். லூர்துமேரி முதல் நாளே சொல்லிவிட்டது, அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தவள் நான். அந்தக் குற்றம் என்னுடையது. அப்பா எழுந்து உள்ளே போய் மருந்துப் புட்டிகளையும் ஊசிக் குழாயையும் எடுத்து வந்து அம்மிக்கல் மேல் போட்டுக் குழவியால் நசுக்கினார். தடுக்கப் போன என்னை ஒரு தள்ளு தள்ளியதில் நான் தூணில் மோதிப் புருவம் கிழிந்தது. இந்தத் தடவை அவருக்கு நினைவு நன்றாக இருந்தது. இத ஏத்திக்கினுதான் ஒரு மனுஷன் காதப் போக்கினேன், செத்த மாடு என் ஒடம்புல ஓடுது என்றார். இனிமேல் ஊசி இல்லை, சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டே வந்து சல்லேகனையாக முடித்துக்கொள்கிறேன் என்றார். எல்லாக் கடமையும் முடித்து ஆசையை விட்டவர்கள் அமைதியாக எடுத்துக்கொள்ளும் விரதம் அது. நீங்கள் கோதண்டபாணி முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு ஓடுகிறீர்கள், அதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள் என்று நானும் கத்தினேன். பதிலுக்குக் கன்னத்தில் அறைந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் அறை.

நாலு நாள் போனது. நீல மருந்து முதல் நாள் மஞ்சளானது, மறுநாளே செங்கல். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததெல்லாம் போனது. நாலாம் நாள் காலையில் வாந்தி. மூச்சு மேல்மூச்சாக வாங்கியது, பக்கத்தில் போனால் அழுகின பழ வாசம் அடித்தது. ஊசி நின்றுபோனால் நினைவு தப்புவதற்கு முன் வரும் என்று லூர்துமேரி சொல்லியிருந்த வாசம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். ஈர மணலில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஒரு புட்டி தனியாகப் புதைத்து வைத்திருந்தேன், பழைய ஊசிக் குழாய் ஒன்றும் இருந்தது. கொதிக்க வைத்து மருந்து ஏற்றிக்கொண்டு போனேன். கையை உதறினார், குழாய் மயிரிழையில் தப்பியது. எழுந்து உட்கார்ந்து என் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தார். நான் அவர் முகத்தில் அறைந்தேன், சந்திரா. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை, கை எரிகிற வரைக்கும். முருகையா என்று கூப்பிட்டேன். அவன் வந்து வாசலில் நின்று அழுதான், எசமானரை எப்படிம்மா தொடறது என்றான். காலப் பிடிடா என்றேன். அவன் காலைப் பிடித்தான், நான் உடைந்த விலா பக்கம் படாமல் மார்பில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டு தொடையில் ஊசியைக் குத்தினேன். அவர் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எனக்கு இன்னா பண்ண தெரியுமா என்று மட்டும் சொன்னார். தெரியும் என்றேன். மனமில்லாத ஒருவர் உடம்புக்குள் அவர் பாவம் என்று நினைப்பதைப் பலவந்தமாக ஏற்றினேன். அது இம்சைதான். இன்றைக்கும் அதைச் சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மறுபடி அந்த நிலை வந்தால் மறுபடி செய்வேன் என்பதும் எனக்குத் தெரியும்.

கயிற்றுக் கட்டிலோடு வண்டியில் ஏற்றி அனந்தபுரம் போய், செஞ்சி வழியாகப் போகிற பஸ்ஸில் திண்டிவனம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார், குழாய் வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததும் லூர்துமேரியைக் கூப்பிட்டு, இது மாட்டுலருந்து எடுக்கறதா என்று நேராகக் கேட்டார். நான் அந்த அம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன், இல்லை என்று சொல்லிவிடட்டும் என்று. அது என் பக்கமே திரும்பவில்லை. ஆமா நயினாரே, மாட்டுலருந்தும் எடுக்கறாங்க, பன்னிலருந்தும் எடுக்கறாங்க, வேற வழி இருந்தா ஒங்களுக்கு நானே குடுப்பேன், மாத்திரை ஒங்க ஒடம்புக்குப் பத்தாது என்றது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்க அண்ணன் சவுரிராயனுக்குப் பன்னெண்டு வயசுல இதே வியாதி, அப்ப எங்க ஊருப் பக்கம் இந்த மருந்து வரல, நாலு மாசத்துல தோலும் எலும்புமாப் போய்த் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே செத்தான், அவன் கேட்டான், எங்களால குடுக்க முடியல, நீங்க குடுத்தா ஒடைக்கிறீங்க என்றது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னது, அந்த அம்மாளுக்கு மெல்லப் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.  மறுநாள் காலையில் ஊசி வந்தபோது அப்பா கையை நீட்டினார். நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஏதோ சொன்னார். நாம் எல்லா உயிரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்போமே, அந்த வார்த்தைகள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் அதைச் சொல்கிறார், சொல்லி முடித்த பிறகுதான் குத்த விடுவார்.

வீட்டுக்கு வந்து நாலாவது நாள் சந்தை. கிளம்புகிறேன் என்று முருகையனிடம் சொன்னார், என்னிடம் இல்லை. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். நானும் கேப்பை அடை கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். நேராகக் கோதண்டபாணியின் தராசுக்கு முன்னால் போய் நின்றார். அவர் தலையில் துணிக்கட்டு, வலது காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டுதான் யாரென்று கேட்டார். அப்பா அந்த இரண்டு கிலோ கல்லை எடுத்து அவர் கையில் வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நீயும் போடுப்பா என்று தலையைக் குனிந்தார். வியாபாரம் நின்றுபோனது. கோதண்டபாணி கல்லைத் தூக்கினார். அவர் கண்ணைப் பார்த்தேன், போட்டுவிடுவார் என்றே நினைத்தேன். பக்கத்திலிருந்த மரப் பெட்டி மேல் போட்டார், பெட்டி இரண்டாகப் பிளந்தது. காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், ஒங்க மண்டைய ஒடச்சா எனக்குக் காது வருமா, பொண்டாட்டி கூப்ட்டா எந்தப் பக்கம்னு தெரியாம சுத்திக்கினு நிக்கறேன், ஊசி போட்டுக்கினு சாப்பிடாம வந்தீங்களாமே, அதுதான இம்மாம் பேஜாரும், இனிமே சந்தைக்கு வந்தா மொதல்ல என் எதிர்ல ஒக்காந்து சாப்பிடணும், சாப்பிடாம தராசுகிட்ட வந்தீங்க, அன்னைக்கு இந்தக் கல்லு ஒங்க மேலதான் என்றார். அப்பாதுரை தொடையில் கட்டோடு நொண்டி நொண்டி வந்து ஒரு சாக்கை விரித்துப் போட்டான். என்னைப் பார்க்காமலே போட்டான். அப்பா உட்கார்ந்தார். நான் அடையை வைத்தேன். கோதண்டபாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயும் உள்ளே போகிற வரைக்கும் முறைத்துக்கொண்டே நின்றார். இப்போதும் சந்தைக்குச் சந்தை அதே கதைதான். அவர் கடையில் வெல்லம் போட்ட ஒரு தகர டப்பா தொங்குகிறது, யார் தொட்டாலும் திட்டுகிறார்.

வீட்டில் எல்லாம் மணிப்படி நடந்தது, பேச்சு மட்டும் இல்லை. காலையில் கையை நீட்டுவார், உதடு அசையும், குத்துவேன், சாப்பிடுவார். அஷ்டமி வந்தபோது வெல்லத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் முருகையனிடம், உப்பு எண்ணெய் ஒண்ணுமில்லாம வெறுங்கூழ் குடிக்கறதும் ஒரு நோம்புதாண்டா, நம்ம பெரியவங்களே எழுதி வெச்சிருக்காங்க என்று மாட்டுக்கொட்டகையிலிருந்து என் காதில் விழும்படி சொன்னார். அவனுக்கு எதற்கு நம் நோன்பு விவரம். நான் உப்பில்லாத கூழைக் கொண்டுபோய் வைத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார். இருபத்தாறு நாள் இப்படியே போயிற்று. என் கழுத்தில் அவர் விரல் பட்ட தடம் மறைந்துவிட்டது, அவர் கன்னத்தில் என் கை பட்டது மறையவில்லை என்று நினைத்துக்கொள்வேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு வரவில்லை, கேட்டால் மறுபடி செய்ய மாட்டேன் என்று ஆகிவிடுமே.

முந்தாநாள் எனக்கு விரல் வீங்கிக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஊசி நேரம் தப்பிவிட்டது என்று பதறிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது, ஊசிக் குழாய் கழுவித் துணி மேல் காய்ந்தது, கண்ணாடிக் குழாயில் மருந்து பச்சையாக நின்றது. அப்பா தரையில் உட்கார்ந்து கூழைக் குடித்து முடித்து, கிண்ணத்தை எனக்குத் தெரிகிற மாதிரி சாய்த்துக் காட்டினார். வேட்டியில் தொடைப் பக்கம் மூன்று இடத்தில் ரத்தப் பொட்டு, பழக்கமில்லாத கை, மூன்று தடவை குத்திப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. இன்னொரு கிண்ணத்தில் எனக்கும் கூழ் ஊற்றி மூடி வைத்திருந்தது. நானே போட்டுக்கினேன், இனிமே என் நெஞ்சு மேல நீ முட்டி போட வேணாம் என்றார்.  மொதல்ல சாப்பிடு, காய்ச்சல் ஒடம்போட நிக்காத என்று அதட்டினார். கூழில் உப்பு இரண்டு மடங்கு இருந்தது. சொல்லாமல் குடித்தேன்.

உனக்குப் பெண்ணோ பிள்ளையோ நல்லபடியாகப் பிறந்து, நீங்கள் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் கை ஓங்காமல், ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டுக்கொண்டு நூறு வருஷம் இருக்க அருகன் அருள் புரியட்டும். மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி. சித்தப்பா மேல் கோபித்து எதுவும் எழுதிவிடாதே, அவர் இப்போது தினமும் வந்து அண்ணன் சாப்பிட்டாச்சா என்றுதான் முதலில் கேட்கிறார். இரண்டு காரியம் மறக்காதே. அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உன் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கச் சொல், அப்பாவுக்கு இருக்கிறது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல். இன்னொன்று, காது கேட்காதவர்கள் வைத்துக்கொள்ள ஏதோ மிஷின் வந்திருக்கிறதாம், கோதண்டபாணிக்கு அது உதவுமா, எங்கே கிடைக்கும் என்று மாப்பிள்ளையை விசாரித்து எழுதச் சொல். இது அப்பா கேட்டு எழுதச் சொன்னது, எழுதிவிட்டாயா என்று இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் பதிலுக்காக வழி பார்த்திருக்கும் அம்மா,
அனந்தமதி